அவனிடம் 'என்ன செய்தாய்?', அவளிடம் 'எங்கே இருந்தாய்?'

கேட்கப்பட்ட கேள்வி இது: "பெற்ற பிள்ளையை அடித்து நொறுக்கினாலும் பட்டினி போட்டாலும், தாய் என்றால் நீதிமன்றம் இரக்கம் காட்டுகிறது, தகப்பன் என்றால் சிறைக்கு அனுப்புகிறது. இது உண்மைதானா, அல்லது வெறும் பேச்சா?"

குற்ற வழக்குகள் முழுவதையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், பெண்களுக்குத் தண்டனை குறைவாகவே விழுகிறது. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கணக்கைக் குழந்தை வழக்குகளின் மீது அப்படியே ஏற்றிவிட்டால் தவறான முடிவுக்குத்தான் வருவோம். கள்ளக் கணக்கு எழுதிய ஆணும் பெண்ணும் ஒரே வேலையைச் செய்தவர்கள், அவர்களை ஒப்பிடலாம். குழந்தைக் கொடுமை வழக்கில் கூண்டில் நிற்கும் ஆணும் பெண்ணும் பெரும்பாலும் ஒரே செயலுக்காக நிற்பதில்லை. அவன் செய்ததற்காக நிற்கிறான், அவள் செய்யாமல் விட்டதற்காக நிற்கிறாள். பல ஆண்டுகளாக இத்தகைய தீர்ப்புகளைப் படித்து வருகிறேன். தண்டனை வேறுபாட்டைப் பற்றிய பேச்சில் மிகுதியாகத் தவறவிடப்படுவது இந்த இடம்தான்.

முதலில் எண்கள். அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் சோன்யா ஸ்டார் 2012இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்ற வழக்குகளில், கைதான குற்றமும் முந்தைய குற்றப் பின்னணியும் ஒன்றாக இருந்தும் ஆண்களுக்குச் சராசரியாக 63 சதவீதம் நீண்ட தண்டனை கிடைத்திருப்பதை அவர் காட்டினார். மற்றவர்கள் குற்றத்தீர்ப்பு வந்த இடத்திலிருந்துதான் கணக்கைத் தொடங்குவார்கள். ஸ்டார் கைது செய்யப்பட்ட இடத்திலிருந்தே தொடங்கினார். எந்தப் பிரிவில் வழக்குப் பதிவு செய்வது, எதைக் கைவிடுவது, குற்றத்தை ஒப்புக்கொண்டால் எவ்வளவு குறைப்பது என்று அரசு வழக்கறிஞர் எடுக்கும் முடிவுகளிலேயே வேறுபாட்டின் ஒரு பகுதி உருவாகிவிடுகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. நீதிபதியின் மேசைக்குக் கோப்பு வரும்போது பாதி வேலை முடிந்திருக்கிறது.

அமெரிக்கத் தண்டனை ஆணையம் 2023இல் வெளியிட்ட அறிக்கையும் இதே திசையில்தான் பேசுகிறது. 2017 முதல் 2021 வரையிலான நிதியாண்டுகளில் பெண்களுக்கு ஆண்களைவிட 29.2 சதவீதம் குறைவான தண்டனை. 63 எங்கே, 29 எங்கே என்று திகைக்க வேண்டாம். 'ஆணுக்கு 63 சதவீதம் அதிகம்' என்பதைத் திருப்பிச் சொன்னால் 'பெண்ணுக்கு ஏறத்தாழ 39 சதவீதம் குறைவு' என்றாகும். இரண்டு ஆய்வுகளும் தொடங்கும் இடமும் வேறு.

இதில் முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் நடப்பவை பெரும்பாலும் போதைப்பொருள், குடியேற்றம், துப்பாக்கி, மோசடி வழக்குகள். குழந்தையை அடித்த வழக்கும் பட்டினி போட்ட வழக்கும் அங்கே அநேகமாக மாநில நீதிமன்றங்களில்தான் நடக்கின்றன. ஆகவே "தாய்க்கு 63 சதவீதச் சலுகை" என்று இணையத்தில் யாராவது எழுதினால், அவர் வேறொரு கடையின் கணக்கை இந்தக் கடையில் எழுதுகிறார்.

பெண்களுக்கு ஏன் குறைவு? பெண் என்றால் மனம் இளகும் ஆண் நீதிபதிகள் என்ற பழைய விளக்கம் 1950களிலிருந்து வருகிறது. அது எனக்கு ஒருபோதும் நிறைவளித்ததில்லை. 1987இல் கேத்லீன் டேலி எழுதிய ஆய்வு அதைவிடக் கூர்மையானது. நீதிமன்றத்தில் பணியாற்றுபவர்களிடமே பேசிப் பார்த்து அவர் கண்டது இது: அவர்கள் காக்க நினைப்பது பெண்ணை அல்ல, அவளை நம்பியிருக்கும் குடும்பத்தை. குடும்பம் உள்ள ஆணுக்கும் சலுகை கிடைக்கிறது. ஆனால் அன்றாடப் பராமரிப்பு பெண்ணின் தலையில் இருப்பதால் அவளுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. சம்பாதிப்பவனைச் சிறையில் போட்டால் பணத்துக்கு வேறு வழி பார்க்கலாம், வளர்ப்பவளைச் சிறையில் போட்டால் அந்த இடத்துக்கு யாரைக் கொண்டுவருவது என்பது அவர்களுடைய கவலை.

இந்த நியாயத்தைக் குழந்தைக் கொடுமை வழக்கில் வைத்துப் பாருங்கள். திருட்டு வழக்கில் "இவளுக்குச் சின்னக் குழந்தை இருக்கிறது" என்பது இரக்கத்துக்கான காரணம். இங்கே அதே வாக்கியம்தான் குற்றச்சாட்டு. எந்தத் தாய்மை மற்ற வழக்குகளில் அவளுக்குக் குடை பிடித்ததோ, அதுவே இங்கே அவளுக்கு எதிரான முதல் சாட்சி. அதனால்தான் இந்த வழக்குகளில் பெண்ணுக்கான தண்டனை இரண்டு ஓரங்களுக்கும் ஓடுகிறது. சில நேரம் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு, சில நேரம் அடித்தவனைவிட அதிகம். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் நடுவில் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணில் யாருடைய கதையும் இருக்காது.

இத்தகைய வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு காட்சியைச் சொல்கிறேன். நான்கு மாதக் குழந்தை. பால் குடிக்க மறுக்கிறது, தூக்கினால் வீரிட்டு அழுகிறது. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். முதுகெலும்பை ஒட்டிய பக்கத்தில் விலா எலும்புகள் முறிந்திருக்கின்றன. குழந்தையின் மார்பை இரு கைகளாலும் பிடித்து நெரித்தால் வரும் முறிவு அது. சில முறிவுகள் புதியவை. சிலவற்றைச் சுற்றிப் புது எலும்பு திரண்டு வளர்ந்திருக்கிறது. அப்படித் திரள ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஆக, ஒரு தடவை நடந்த விபத்து அல்ல, வெவ்வேறு நாட்களில் நடந்திருக்கிறது. வீட்டில் இருந்த பெரியவர்கள் இரண்டே பேர். அவனைத் தனி அறையில் வைத்துக் கேட்கிறார்கள்: "என்ன செய்தாய்?" அவளைத் தனி அறையில் வைத்துக் கேட்கிறார்கள்: "அப்போது நீ எங்கே இருந்தாய்? இரண்டு வாரமாகக் குழந்தை அழுதது உனக்குக் கேட்கவில்லையா?"

அவனிடம் கேட்டது ஒரு செயலைப் பற்றி. அவளிடம் கேட்டது அவள் எப்படிப்பட்ட தாய் என்பதைப் பற்றி. செயலை மறுக்கலாம், சாட்சியம் கேட்கலாம், சந்தேகத்தின் பலனைக் கோரலாம். 'தாய்க்குத் தெரியாமல் இருக்குமா' என்பதற்கு எந்தச் சாட்சியத்தைக் கொண்டுவந்து பதில் சொல்வது?

இப்படி இருவர் மட்டும் இருந்த வீடுகளில் இருவருமே வாயை மூடிக்கொண்டால், யார் அடித்தது என்று நிரூபிக்க முடியாமல் இருவருமே தப்பிவிடுவது இங்கிலாந்தில் நீண்ட காலம் நடந்தது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு வந்தது. அதே வீட்டில் வசித்து, ஆபத்தை அறிந்திருந்தும் அல்லது அறிந்திருக்க வேண்டிய நிலையிலும் தடுக்காமல் குழந்தையைச் சாகவிட்டால், அடித்தது யார் என்று தெரியாவிட்டாலும் குற்றம். 2012இல் கடுமையான காயமும் இதில் சேர்க்கப்பட்டது. 2022இல் சாவுக்கான உச்சத் தண்டனை 14 ஆண்டிலிருந்து ஆயுளுக்கு உயர்ந்தது. சட்டத்தின் நோக்கத்தை நான் முழுமனதாக ஏற்கிறேன். பேச முடியாத குழந்தைக்கு வேறு யார் பேசுவது? பிரிவின் வாசகமும் ஆண், பெண் என்று பிரிப்பதில்லை. ஆனால் 'அறிந்திருக்க வேண்டும்' என்ற இரண்டு சொற்களுக்குள் நம் எல்லோருடைய எதிர்பார்ப்பும் புகுந்துகொள்கிறது. தாய் அறிந்திருக்க வேண்டும் என்று எண்ணும் அளவுக்குத் தகப்பன் அறிந்திருக்க வேண்டும் என்று நாம் எண்ணுவதில்லை.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் 2006இல் நடந்ததைப் பார்க்கலாம். அங்கே கொடுமையைத் தடுக்கத் தவறியவருக்கும், செய்தவருக்குப் போலவே ஆயுள் வரை தண்டனை விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. குழந்தைகளின் எலும்பை முறித்தவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். விசாரணைக் காலத்தில் சிறையில் கழித்த இரண்டு ஆண்டுகளே அவனுக்குப் போதும் என்றாயிற்று. மீதி நன்னடத்தைக் காலம், வீடு திரும்பினான். அவனிடமிருந்து குழந்தைகளைக் காக்கத் தவறிய தாய்க்கு 30 ஆண்டுகள். தன்னையும் அவன் அடித்துவந்தான் என்று அவள் சொன்னாள். ஏறத்தாழ 15 ஆண்டுகள் உள்ளே கிடந்த பிறகு, தண்டனை குறைக்கப்பட்டு 2019 நவம்பரில்தான் வெளியே வந்தாள். அவளுடைய குழந்தைகள் அதற்குள் வளர்ந்துவிட்டிருந்தார்கள். இந்த வழக்கைப் படித்த நாளிலிருந்து 'தாய்க்குச் சலுகை' என்ற சொல்லை என்னால் யோசிக்காமல் உச்சரிக்க முடிவதில்லை.

தனி வழக்கு என்று ஒதுக்கவும் முடியாது. 2014இல் பஸ்ஃபீட் செய்தி நிறுவனம் தேடிப் பார்த்தபோது, கூட இருந்த ஆண் குழந்தையைத் துன்புறுத்தியதைத் தடுக்கவில்லை என்பதற்காகப் பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்ற 28 தாய்மாரை 11 மாநிலங்களில் கண்டது.

இதற்கு நேர் எதிரான பக்கமும் உண்மை, அதையும் அதே அழுத்தத்துடன் சொல்ல வேண்டும். கடுமையாக அடிப்பதும் உலுக்குவதும் ஆண்களிடமே மிகுதி. குழந்தையை உலுக்கித் தலைக்குள் காயம் ஏற்படுத்திய 151 நிகழ்வுகளை ஆராய்ந்த 1995ஆம் ஆண்டின் மருத்துவ ஆய்வொன்றில், செய்தவர்களில் தகப்பன்மார் 37 சதவீதம், தாயின் ஆண் துணைவர்கள் சுமார் 20 சதவீதம், தாய்மார் 12.6 சதவீதம். சாவும் நிரந்தர ஊனமும் இந்த வழக்குகளில் அடிக்கடி நேர்கின்றன. அப்படியிருக்க, 'குழந்தைக் கொடுமை' என்ற ஒரே தலைப்பின் கீழ் ஆண்களின் சராசரித் தண்டனை கூடுதலாகத் தெரிவதில் ஒரு பகுதி பாகுபாடே அல்ல, காயத்தின் கனம். இங்கிலாந்தின் 1933ஆம் ஆண்டுச் சட்டம் தாக்குவதையும் கைவிடுவதையும் புறக்கணிப்பதையும் ஒரே பிரிவுக்குள் வைத்திருக்கிறது. பிரிவின் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடுகிறவர், உலுக்கிக் காயப்படுத்தியவனையும் மருத்துவரிடம் காட்டத் தாமதித்தவளையும் ஒரே தட்டில் வைக்கிறார்.

புறக்கணிப்பு வேறு உலகம். அமெரிக்க அரசின் ஆண்டறிக்கைகளில், பாதிக்கப்பட்டதாக உறுதிசெய்யப்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் புறக்கணிக்கப்பட்டவர்கள். எல்லா வகைகளையும் சேர்த்துப் பொறுப்பானவர்கள் என்று பதிவானவர்களில் பாதிக்குச் சற்று மேல் பெண்கள். இதைக் காட்டி "பார்த்தீர்களா, பெண்களே அதிகம்" என்பவர்கள் உண்டு. புறக்கணிக்க வேண்டுமென்றால் முதலில் பராமரிப்பு கையில் இருக்க வேண்டும். குழந்தை பிறந்த மாதமே வீட்டை விட்டுப் போய்விட்ட தகப்பன், குழந்தை எடை குறைந்து கிடந்த நாட்களில் எங்கோ இருந்தான். அவன் பராமரிப்புத் தொகை கட்டாமல் இருந்தால் அது அநேகமாக வேறு நீதிமன்றத்தில் பணக் கணக்காகத்தான் வரும். புறக்கணிப்பு வழக்கில் அவன் பெயர் சாட்சியாகக்கூட வராது. முழுதாக விட்டுவிட்டுப் போனவன் பட்டியலிலேயே இல்லை, முடியாமல் வைத்துக்கொண்டிருந்தவள் பட்டியலில் இருக்கிறாள். தண்டனையில் ஆண், பெண் வேறுபாட்டைப் பேசும் எந்த அட்டவணையிலும் இந்த ஆண்களுக்கு ஒரு வரி கிடையாது.

அதே நேரம், புறக்கணிப்பு வழக்குகளில் பெரும்பாலானவை குற்ற நீதிமன்றத்துக்குப் போவதே இல்லை. சமூகப் பணியாளர் வருகிறார், குடும்ப நீதிமன்றம் கண்காணிக்கிறது, பயிற்சிக்கும் சிகிச்சைக்கும் அனுப்புகிறார்கள். இந்தச் சல்லடையில் கீழே விழாமல் நின்று குற்ற வழக்காக மாறுபவை மிகக் கொடியவை மட்டும். ஆகவே சிறைக்குப் போன தாய்மாரின் தண்டனையை மட்டும் எண்ணினால் கடுமை தெரியும், சல்லடைக்கு முன்னால் நின்று எண்ணினால் சலுகை தெரியும். இரண்டு அணியினரும் பொய் சொல்வதில்லை, நிற்கும் இடம்தான் வேறு.

சட்டமே வெளிப்படையாகப் பெண்ணுக்கென்று ஒரு வாசலை வைத்திருக்கும் இடம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 1922இல் வந்து 1938இல் விரிவாக்கப்பட்ட சிசுக்கொலைச் சட்டம், பிரசவத்தின் பாதிப்பிலிருந்து முழுமையாக மீளாமல் மனநிலை குலைந்து, 12 மாதத்துக்கு உட்பட்ட தன் குழந்தையைக் கொன்ற தாயைக் கொலைக் குற்றத்திலிருந்து விலக்கி, குறைந்த குற்றத்துக்கு உரியவளாக்குகிறது. கனடாவில் இதற்கு உச்சத் தண்டனை ஐந்து ஆண்டு. தகப்பனுக்கு இந்த வாசல் இல்லை. அவனுடைய மனநோயை அவன் பொதுவான விதிகளின் கீழ்தான் நிரூபிக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய கடும் மனநோய் உண்மையான நோய், அதைக் கண்ணால் பார்த்த எந்த மருத்துவரும் இந்தச் சட்டத்தைச் சலுகை என்று சொல்ல மாட்டார். நானும் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வாசலின் நிழல் மற்ற வழக்குகளின் மீதும் விழுகிறது. பிள்ளையைக் கொன்ற பெற்றோர் பற்றி 131 நிகழ்வுகளைத் தொகுத்து பிலிப் ரெஸ்னிக் 1969இல் எழுதிய கட்டுரையிலேயே, தாய்மார் பெரும்பாலும் மருத்துவமனைக்கும் தகப்பன்மார் பெரும்பாலும் சிறைக்கும் போனது தெரிகிறது. அவள் பித்துப் பிடித்தவள், அவன் கெட்டவன் என்று நீதிமன்றங்கள் பிரித்துக்கொள்வதை 1997இல் ஆனியா வில்சின்ஸ்கி விரிவாக எழுதினார். நோயுற்ற தகப்பனுக்கும், தெளிந்த மனத்தோடு செய்த தாய்க்கும் இந்தப் பிரிவினையில் இடமில்லை.

பெண்ணுக்கு மட்டுமே விழும் தண்டனையும் இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலம் 2006இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வீட்டிலேயே போதைப்பொருள் காய்ச்சுபவர்களிடமிருந்து குழந்தைகளைக் காப்பது அதன் நோக்கம். பிறகு அது கருவுற்ற பெண்கள் மீது பாய்ந்தது. பிறக்காத குழந்தையும் அதற்குள் அடங்கும் என்று 2013இல் அம்மாநில உச்ச நீதிமன்றமே சொன்னது. எந்த ஆணும் இந்த வழக்கில் கூண்டில் ஏற முடியாது.

பாலியல் குற்றங்களில் மட்டும் எனக்குத் தயக்கமே இல்லை. ஒரே வகைக் குற்றத்துக்கு ஆண்களைவிடப் பெண்களுக்குக் குறைந்த தண்டனை விழுவதை 2012இல் எம்ப்ரி, லயன்ஸ் இருவரின் ஆய்வு அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு காட்டியது. தீர்ப்புகளைப் படித்தாலே காரணமும் தெரிகிறது. பாதிக்கப்பட்டவன் சிறுவன் என்றால், அவனுக்கு நேர்ந்தது கொடுமை என்று பெயரிடவே மனம் வருவதில்லை. அந்தச் சலுகைக்கான விலையைக் கொடுப்பவன் அந்தச் சிறுவன். இதற்கு எந்த நியாயமும் கிடையாது.

சரி, தண்டனை குறைய நியாயமான காரணம் ஏதாவது உண்டா? உண்டு, ஆனால் அதன் பெயர் பெண் அல்ல. தென்னாப்பிரிக்காவில் இது தெளிவாக வளர்ந்த விதத்தைப் பாருங்கள். 1994இல் அதிபராகப் பொறுப்பேற்ற நெல்சன் மண்டேலா, 12 வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ள தாய்மாரைச் சிறையிலிருந்து விடுவித்தார். ஒரு தகப்பன், தனக்கும் சிறு பிள்ளை இருக்கிறது என்று வழக்குப் போட்டார். 1997இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதிபரின் பக்கம் நின்றது. பிள்ளை வளர்க்கும் சுமை உண்மையில் தாயின் மீதுதான் இருக்கிறது என்பது அதன் வாதம். பத்து ஆண்டு கழித்து, 2007இல், மோசடி வழக்கில் தண்டனை பெற்ற, மூன்று மகன்களைத் தனியாக வளர்த்த ஒரு தாயின் மேல்முறையீட்டில் அதே நீதிமன்றம் சொல்லை மாற்றிக்கொண்டது. நீதிபதி ஆல்பி சாக்ஸ் எழுதிய தீர்ப்பு, முதன்மைப் பராமரிப்பாளரைச் சிறைக்கு அனுப்பும் முன் குழந்தைக்கு என்ன ஆகும் என்று நீதிமன்றம் கேட்டே ஆக வேண்டும் என்றது. அது தகப்பனாகவும் இருக்கலாம், பாட்டியாகவும் இருக்கலாம்.

மண்டேலாவின் அந்த ஆணையில் பலருக்குத் தெரியாத ஒரு வரி உண்டு. விடுதலைக்குத் தகுதியில்லாத குற்றங்களின் பட்டியலில் கொலை, வன்புணர்ச்சியோடு குழந்தைக் கொடுமையும் இருந்தது. குழந்தையின் பெயரால் காட்டிய இரக்கம், குழந்தையைத் துன்புறுத்தியவருக்குச் செல்லாது என்று அப்போதே வரைந்துவிட்டார்கள்.

இங்கிலாந்தின் தண்டனைக் குழு, குழந்தைக் கொடுமை வழக்குகளுக்காக 2019 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நெறிமுறை இன்னும் நுணுக்கமானது. சிறை என்று முடிவெடுக்கும் முன் நீதிபதி ஓரடி பின்வாங்கி, அது பாதிக்கப்பட்ட குழந்தைக்கும் அந்த வீட்டின் மற்றக் குழந்தைகளுக்கும் நல்லதுதானா என்று பார்க்க வேண்டும். குற்றவாளியே வீட்டு வன்முறைக்கு ஆளானவர், அந்த அச்சத்துக்கும் குற்றத்துக்கும் தொடர்பு உண்டு என்றால் குற்றப் பொறுப்பு குறையும். இரண்டும் ஆணுக்கும் பொருந்தும். பலனடைபவர்களில் பெண்கள் கூடுதலாக இருந்தால், அது அவர்கள் வாழ்க்கை அமைந்த விதத்தால் வருவது. அதை நான் பாகுபாடு என்று அழைக்க மாட்டேன்.

ஒரு வழக்கில் பாகுபாடு நடந்திருக்கிறதா என்று என்னிடம் யாராவது கேட்டால், தண்டனை ஆண்டுகளை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் குற்றப்பத்திரிகையை எடுத்து இருவர் பெயரையும் மாற்றிப் போட்டு வாசிப்பேன். மேலே சொன்ன நான்கு மாதக் குழந்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை விலா எலும்புகளை நெரித்தவள் தாய். தகப்பன் இரவு வேலை முடித்து வந்து அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தான், இரண்டு வாரமும் அப்படித்தான். அவன் மீது 'காக்கத் தவறினான்' என்று ஒரு பிரிவு போட அரசு வழக்கறிஞருக்குத் தோன்றியிருக்குமா? அல்லது அவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, "பாவம், களைத்துப் போய் வந்த மனிதர்" என்று விட்டிருப்பார்களா? முதல் கதையில் தாய் தடுக்காமல் இருந்ததற்கு என்ன பெயர் வைத்தார்களோ, அதே பெயரை இவனுக்கும் வைத்திருக்கிறார்களா என்று கோப்பைப் புரட்டிப் பார்ப்பேன்.